மூணு தடவை கழட்டுன இன்ஜின்

உங்க கார்ல ஒண்ணும் இல்லீங்க. பானெட்டை மூடிரலாம். சத்தம் வருது, சத்தம் வருதுன்னு சொன்னீங்க, பத்து நிமிசமா காதைக் குடுத்துக் கேட்டுட்டேன், ஃபேன் ஓடுற சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. வண்டி தங்கமா இருக்குது. நீங்க வண்டிக்காக வரல, சரிங்களா? காங்கயத்துல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் வழியில எத்தனை பட்டறை இருக்குது. அத்தனையும் தாண்டி, நல்லா ஓடுற வண்டியை எடுத்துட்டு, சலவை வேட்டி கட்டிட்டு எங்கிட்ட எதுக்குங்க வரணும்? வந்ததுல இருந்து வண்டியை ஒருக்காக்கூடப் பார்க்கல நீங்க. எம்பட மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருக்கறீங்க.

பொண்ணு ஊட்டுக்காரங்க. சென்னியப்பனைப் பத்தி விசாரிக்க வந்திருக்கறீங்க. சிரிக்கறீங்க பாருங்க. இதுல கூச்சப்பட என்ன இருக்குதுங்க, பொண்ணைக் குடுக்கறவங்க நாலு எடத்துல கேக்கத்தான் வேணும். எம்பட தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப நானும் அவிங்க ஊருக்குப் போயி, மாடு வாங்க வந்தவனாட்டம் ஒரு நாள் பூரா சுத்துனவன்தான். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் இருக்கும், வேட்டி வீணாப் போயிரும். இந்தச் சேர்ல உக்காருங்க. தாய்மாமனுங்களா? நெனச்சேன். பொண்ணு நர்சுன்னு கேள்விப்பட்டேன். நல்லதுங்க.

நான் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா இது நடக்கும், ஒரு வார்த்தை கெட்டதாச் சொன்னா நின்னுரும். அது எனக்குத் தெரியுமுங்க. அதனாலதான் பொய் சொல்ல மாட்டேன்னு சொல்றேன். எம்பட ஊட்டுக்காரி வெடியால சோறு கட்டிக் குடுக்கறப்பவே சொன்னா, "யாராச்சும் கேட்டு வந்தா இந்தத் தடவையாச்சும் வாயை அடக்கிட்டு இருங்க"ன்னு. அவளுக்கும் சென்னியோட அம்மாவுக்கும் நல்ல பழக்கம், எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சு போகுது. வாயை அடக்கறதுக்கு நான் என்ன கொலையா பண்ணிப்போட்டேன்? தொழில் பண்றவன், தொழிலைப் பத்திச் சொல்றேன். அவ்வளவுதானுங்க.

சென்னி எங்கிட்டப் பதினோரு வருசம் இருந்தான். குடி கிடையாது. பீடி சிகரெட்டு கிடையாது. கை சுத்தம். பெரிய பெரிய ஆளுங்க வண்டியெல்லாம் வரும், சீட்டுக்கடியில மோதிரம் கிடக்கும், செயின் கிடக்கும், எடுத்துட்டு வந்து "அண்ணா, இது அவிங்களுது"ன்னு மேசை மேல வெச்சிருவான். அம்மாவை ஒழுங்காப் பார்த்துக்கறான். எதுத்துப் பேச மாட்டான். இதெல்லாம் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நாக்கு அழுகிப் போயிரும். ஆனா தொழில்ல ஒரு தப்புப் பண்ணுனான். அதைச் சொல்லாம உட்டா நாளைக்கு நீங்க வந்து என்னைக் கேப்பீங்க.

போன சித்திரையில நடந்ததுங்க. இங்க வக்கீல் தெய்வசிகாமணின்னு ஒருத்தர் இருக்கறாரு. கோர்ட்டுக்கு வர்ற வண்டியில பாதி எம்பட பட்டறைக்கு வர்றது அவரு சொல்லித்தான். பெட்ரோல் கார் ஒண்ணு வெச்சிருக்கறாரு. அதுல இன்ஜினுக்குள்ள பல்லுச் சக்கரத்து மேல ஓடுற டைமிங் செயின் தேய்ஞ்சு கரகரன்னு சத்தம். புதுச் செயின் மாத்தணும்னு சொன்னேன், சரின்னாரு. சென்னிதான் மாத்துனான். ரெண்டு நாள் வேலை. முடிச்சான்.

ஆயில் நான் ஊத்துனேன். அது எங்க பட்டறை வழக்கமுங்க. இன்ஜின் வேலை எவன் பார்த்தாலும் சரி, கடைசியில கற்பூரம் காட்டிப்போட்டு ஆயிலை எம்பட கையாலதான் ஊத்தணும். ராசியான கைன்னு சொல்லுவாங்க. முப்பத்திரண்டு வருசமா அப்படித்தான். நான் ஊத்தறப்ப ஒருத்தன் பக்கத்துல வரமாட்டான், ஒரு பேச்சுப் பேச மாட்டான்.

நான் ஊத்தறது நல்ல கெட்டி ஆயிலுங்க. இருபதுக்கு அம்பதுன்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் லாரியில இருந்து டிராக்டர் வரைக்கும் அதுதான். இந்தக் கம்பெனிக்காரங்க இப்ப வர்ற கார்ல ஆயில் ஊத்தற மூடி மேலயே எழுதி வெச்சிருக்கறாங்க, தண்ணியாட்டம் ஒரு ஆயிலு. அதைக் கையில தொட்டா ஒட்டவே ஒட்டாது. நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு அது நிக்குமுங்களா? குளுரு நாட்டுல உக்காந்து எழுதுனவனுக்குப் பொள்ளாச்சி ரோட்டைப் பத்தி என்ன தெரியும்? கெட்டியா ஊத்துனா இன்ஜினுக்குத் தெம்பு. இது நான் மட்டும் சொல்றதில்ல, இந்த ரோட்டுல எந்தப் பட்டறையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

வண்டி போச்சு. நாலு நாள் நல்லா ஓடிச்சு. அஞ்சாம் நாள் வெடியால ஸ்டார்ட் பண்ணுனா நடுங்குதாம். சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிருதாம். மேட்டுல இழுக்க மாட்டேங்குதாம். மீட்டருல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரியுதாம். கோர்ட்டு வாசல்லயே, ஜட்ஜய்யா கார் பின்னால நிக்கறப்ப, ஆஃப் ஆகி நின்னு போச்சு. நாலு கான்ஸ்டபிள் வந்து தள்ளியிருக்கறாங்க. அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்? நேரா இங்க வந்துட்டாரு, கூட ரெண்டு ஜூனியர். ரோட்டுல போறவனெல்லாம் நின்னு பார்க்கற மாதிரிக் கத்துனாரு. "ஆறுச்சாமி, உன்னை நம்பி நானும் கெட்டேன், நான் சொல்லி வந்த ஆளுங்களும் கெட்டாங்க"ன்னாரு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஸ்கேனரை மாட்டுனேன். கேம் டைமிங் சரியில்லைன்னு வந்துச்சு. அவ்வளவுதான் வந்துச்சு, ஏன்னு அது சொல்லாதுங்க. டைமிங்குன்னா செயின். செயின் மாட்டுனது யாரு? சென்னி. வக்கீலைப் பார்த்து அப்பவே சொல்லிப்போட்டேன், "பையன் செயினைச் சக்கரத்துல ஒரு பல்லுத் தப்பி மாட்டிட்டானுங்க"ன்னு.

சென்னி அங்கதான் நின்னான். "அண்ணா, பல்லுத் தப்பியிருந்தா ஸ்டார்ட் பண்ணுன அன்னிக்கே ஆடியிருக்குமே. நாலு நாள் எப்படி நல்லா ஓடியிருக்கும்?"னான். மெதுவாத்தான் சொன்னான், எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. நான் "கழட்டு"ன்னேன்.

கழட்டறதுன்னா சும்மா இல்லீங்க. முன்பக்கம் பூராத்தையும் எறக்கணும். ஒரு நாள் முழுசாப் போயிரும். கழட்டுனான். செயின் ஓடுற சக்கரத்துல புள்ளி இருக்கும், அதெல்லாம் நேருக்கு நேரா நிக்குதான்னு பார்க்கணும். நான்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பார்த்தேன். சரி, அதை உடுங்க. மறுபடி மாட்டுனான். ஆயில் ஊத்துனேன். ரெண்டு நாள் கழிச்சு வண்டி அதே மாதிரி வந்து நின்னுச்சு.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை போதுமுங்களா?

ரெண்டாந்தடவை கழட்டறதுக்கு முன்னால அவன் என்ன கேட்டான்னு சொல்றேன். அதுக்கு உங்களுக்குக் கொஞ்சம் வெவரம் சொல்லணும். இன்ஜின் மண்டையில வால்வுன்னு இருக்குதுங்க, கதவு மாதிரி. ஒண்ணு தொறந்தா காத்தும் பெட்ரோலும் உள்ள போகும், இன்னொண்ணு தொறந்தா புகை வெளிய போகும். அதைத் தட்டித் தட்டித் தொறக்கறதுக்கு மேல ஒரு தண்டு சுத்துது, அதுதான் கேம் ஷாஃப்ட், அந்தச் செயின் சுத்தறது இதைத்தான். பழைய வண்டியில அந்தக் கதவு எப்பத் தொறக்கும்கறது எப்பவும் ஒரே மாதிரி. இப்ப வர்ற வண்டியில மெதுவாப் போறப்ப ஒரு நேரம், ஆக்சிலேட்டரை மெரிச்சா ஒரு நேரம். தண்டு தானா இத்துனூண்டு முன்னால திரும்பிக்கும், பின்னால திரும்பிக்கும். அதைத் திருப்பறது எதுங்கறீங்க? இன்ஜின் ஆயிலேதான். அதுக்குன்னு வெரல் தண்டி வேற ஒரு வால்வு இருக்குது, அது தொறந்து உட்டா ஆயில் போயி அமுக்கித் தண்டைத் திருப்பும். அந்த வால்வு வாயில டீ வடிகட்டியாட்டம் பொடி வலை ஒண்ணு இருக்கும். ஆயில் கெட்டியா இருந்தாலோ, வலையில கசடு அடைச்சாலோ, ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. தண்டு திரும்பாது. திரும்புனாலும் திரும்பி வராது. வண்டி நடுங்கும், ஆஃப் ஆகும். லைட்டு எரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. தெரியாம இத்தனை வருசம் பட்டறை வெச்சிருப்பனா?

சென்னி கேட்டான், "அண்ணா, இதுக்கு என்ன ஆயில் ஊத்துனீங்க?"

அதுக்குத்தானுங்க எனக்குக் கோவம் வந்துச்சு. வேற எதை வேணும்னாலும் கேட்டிருக்கலாம். பதினோரு வருசமா எம்பட கையால ஆயில் ஊத்துன வண்டி அத்தனையும் அவன் பார்த்திருக்கறான். ஒருக்காக்கூடக் கேட்டதில்ல. வக்கீலோட ஜூனியர் ஒருத்தன் அங்க நிக்கறப்பக் கேக்கறான். எம்பட கையைப் பார்த்துக் கேக்கறானா இல்லையா? "எம்பட ஆயிலைக் குத்தம் சொல்ற அளவுக்கு வந்துட்டியாடா"ன்னு கத்திப்போட்டேன். அவன், "குத்தம் சொல்லலீங்ணா, அந்த வலையை மட்டும் ஒருக்கா கழட்டிப் பார்த்தர்றேன், பத்து நிமிசம்"னான். நான் உடல. செயினைக் கழட்டுன்னேன். ரெண்டாந்தடவையும் கழட்டுனான், மாட்டுனான். ஆயில் நான்தான் ஊத்துனேன். அதே ஆயிலு.

என்னடா இவன் இப்படிப் பண்ணியிருக்கறானேன்னு பார்க்கறீங்களா? நீங்க எம்பட எடத்துல நின்னு பார்க்கணுமுங்க. வெளிய வக்கீல் மானத்தை வாங்கறாரு. உள்ள இவன் கேள்வி கேக்கறான். முதலாளி தப்புன்னு ஒருக்கா வெளிய போயிருச்சுன்னா அப்புறமேட்டு எவன் வருவான்? வேலைக்காரன் தப்புன்னா சரி பண்ணிக்கலாம். "பையன் தப்புப் பண்ணிட்டான், திட்டிப்போட்டேன்"னா ஆளுங்க ஒத்துக்குவாங்க. எல்லாப் பட்டறையிலயும் இதுதானுங்க நடக்குது. அவனும் ஒத்துக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது.

சும்மாதான் இருந்தான். அது வேற விசயம்.

மூணாந்தடவை வண்டி வந்தப்ப வக்கீலே கூட வந்து சேர் போட்டு உக்காந்துட்டாரு. "எங்கண்ணு முன்னால கழட்டு"ன்னாரு. சென்னி கழட்டுனான். மூணு நாளா அவன் சரியாச் சாப்பிடவும் இல்ல போல, ஊட்டுல கட்டிக் குடுத்தது அப்படியே இருந்துச்சு. எனக்கு அதைப் பார்த்துச் சங்கடமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா வக்கீல் பக்கத்துல உக்காந்திருக்கறாரு, எதாச்சும் பேசணுமே. "பதினோரு வருசம் ஆச்சு, இன்னும் பல்லு எண்ணத் தெரியல. இவனை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது, ஸ்கூலுக்குத்தான் அனுப்போணும்"னேன். வக்கீல் சிரிச்சாரு. மத்தவனுங்களும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்.

அவன் வேலையைப் பாதியில உட்டுட்டுப் போகல. அதைச் சொல்லணும். மாட்டி முடிச்சான், போல்ட்டெல்லாம் அளவாட்டம் முறுக்குனான். ஸ்பேனரை வரிசையாத் தொடைச்சு வெச்சான். மண்ணெண்ணெயில கையைக் கழுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு, "வர்றனுங்ணா"ன்னு போனான். மறுநாள் வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல.

நான் தேடிப் போகணுமா? நீங்களே சொல்லுங்க. கோவிச்சுட்டுப் போனவன் அவன்.

இதுக்கு மேலதானுங்க எனக்கு வயிறு எரியற சங்கதி. வண்டி அப்பவும் சரியாகல. வக்கீல் எங்கிட்டச் சொல்லாம சென்னி ஊட்டுக்கே போயிட்டாரு. அவன் வாசல்ல நிறுத்தி, அந்த வலையைக் கழட்டிக் கழுவி, இருந்த ஆயிலை வடிச்சுப்போட்டு, மூடியில எழுதியிருக்கற தண்ணி ஆயிலை ஊத்தி அனுப்பியிருக்கறான். அரை மணி நேரம். லைட்டு அணைஞ்சு போச்சு. இன்னிக்கு வரைக்கும் எரியல. வக்கீல் இங்க வந்து சொல்றாரு, "உன் ஆளு நல்ல ஆளு ஆறுச்சாமி. யாரு மேல தப்புன்னு கேட்டேன். யாரு மேலயும் இல்லீங்க, வலையில கசடு அடைச்சிருந்துச்சு, அது எந்த வண்டிக்கும் வர்றதுதான், அண்ணன் பார்த்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாருன்னான்"னாரு. ஆயிலையும் மாத்திட்டான்னு சும்மா பேச்சோட பேச்சாச் சொன்னாரு. அவருக்கு அது புரியல. எனக்குப் புரிஞ்சுது.

எவ்வளவு திமிரு பாருங்க. எம்பட மானத்தை அவன் காப்பாத்தறானாம். நான் கேட்டனா? அவன் வக்கீல்கிட்ட "ஆறுச்சாமி தப்பான ஆயில் ஊத்திட்டான்"னு ஊரறியச் சொல்லியிருந்தா நான் ஒரு நாள் திட்டிப்போட்டு மறந்திருப்பேன். இதை எப்படி மறக்கறது? அந்தக் கெட்டி ஆயில் டிரம்மைப் பார்க்கறப்பெல்லாம் ஞாபகம் வருது.

அதனாலதான் ஐப்பசியில ஒரு எடம் விசாரிச்சு வந்தப்ப நான் உள்ளதைச் சொன்னேன். உடுமலைப் பக்கத்து ஆளுங்க. ரெண்டே வார்த்தைதான் சொன்னேன். "பையன் தங்கம், வேலைதான் சுத்தம் பத்தாது"ன்னேன். அவிங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. டீயைப் பாதி குடிச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. அந்த எடம் நின்னு போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? ஊட்டுக்காரி ஒரு வாரம் எங்கிட்டப் பேசல. "அந்தப் பையனுக்கு முப்பத்திமூணு ஆகுது, அவங்கம்மா கோயில் கோயிலா ஏறி எறங்குது, உங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னு அழுதா. அவளுக்குத் தொழில் தெரியாதுங்க.

இப்ப உங்களுக்கும் அதைத்தான் சொல்லணும். பையன் தங்கம், வேலைதான்...

என்னங்க சொன்னீங்க?

அவனே சொன்னானா? இங்க வந்து கேக்கச் சொல்லி அவனே அனுப்புனானா?

நான் யாரோ சொல்லி வந்தீங்கன்னு நெனச்சேன். இருங்க இருங்க, அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க. "ஆறுச்சாமி அண்ணங்கிட்டத்தான் தொழில் பார்த்தேன், என்னைப் பத்தி அவரை விட யாருக்குங்க தெரியும், அவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னா? அப்படியேதான் சொன்னானா? மொகம் எப்படி இருந்துச்சு? கோவமா இருந்துச்சா?

முன்னால வந்த எடம் எங்க நின்னுச்சுன்னு அவனுக்குத் தெரியுமுங்க. இந்தச் சேர்லதான் நின்னுச்சு. எம்பட ஊட்டுக்காரி அவங்கம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கறா. தெரிஞ்சுட்டே உங்களை இங்க அனுப்பியிருக்கறான். வேற எடமா இல்ல? வக்கீலைக் கேளுங்கன்னு சொல்லியிருந்தா தலையில தூக்கி வெச்சுப் பேசியிருப்பாரே. எதுக்குங்க எங்கிட்ட அனுப்புனான்?

கொஞ்சம் இருங்க. போயிராதீங்க. அந்தத் தண்ணிப் பாட்டில் எடுங்க.

முதல் தடவை கழட்டுனப்பவே பார்த்தனுங்க. புள்ளி எல்லாம் நேரா இருந்துச்சு. ஒரு மயிரளவு தப்பில்ல. நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அவன் எம்பட மூஞ்சியப் பார்த்துட்டு நின்னான். வண்டி என்னாச்சுன்னு பார்க்க வந்த வக்கீல் வாசல்ல இருந்து, "என்ன ஆறுச்சாமி?"ன்னாரு. நான் நிமிர்ந்து, "ஒரு பல்லுத் தப்பியிருக்குதுங்க, இப்பச் சரி பண்ணிர்றோம்"னேன். பார்த்துட்டேதான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் கீழ குனிஞ்சு, சரியா இருக்கற செயினைக் கழட்டி, சரியா இருந்த எடத்துலயே மறுபடியும் மாட்டுனான். மூணு தடவை, நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சே மாட்டுனான்.

செயின் சரி. ஆயில் தப்பு. ஆயில் ஊத்துனது நான். போதுமுங்களா? இதை நான் எம்பட ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னதில்ல.

பொண்ணைக் குடுங்க. யோசிக்காமக் குடுங்க. உங்க பொண்ணு அந்த ஊட்டுல ஒரு நாள்கூடக் கண்ணு கலங்காது, நான் எழுதித் தர்றேன். உடுமலைக்காரங்க கிட்டயும் நான்தான் பொய் சொன்னேன்னு வேணும்னா போயி ஒத்துக்கறேன், அவிங்க பொண்ணுக்கு இன்னேரம் முடிஞ்சிருக்கும்.

ஆனா ஒண்ணு கேக்கறனுங்க, மாட்டேன்னு சொல்லாதீங்க. நான் இப்படிச் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். "அந்தாளு மொகம் குடுத்தே பேசல, நாங்க வேற எடத்துல விசாரிச்சுக்கிட்டோம்"னு சொல்லிருங்க. கெட்டவனாவே நான் இருந்துட்டுப் போறேன், அது எனக்குப் பழகிருச்சு. சொன்னீங்கன்னா அவன் பத்திரிகை வெக்க வந்துருவானுங்க. அம்மாவையும் கூட்டிட்டு, தட்டத்துல வெத்தலை பாக்கு பழமெல்லாம் வெச்சு, முதல் பத்திரிகை உங்களுக்குத்தானுங்ணான்னு இந்த வாசல்ல வந்து நிப்பான். அவனைத் தெரியும் எனக்கு, கண்டிப்பா வந்து நிப்பான். நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அதை ரெண்டு கையில வாங்கறதுங்க?